மணல் தட்டின் முன் பெண் பிள்ளைகள்: மணல் விளையாட்டுச் சிகிச்சை பற்றி ஒரு விவாதம்

வேனில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவியர் படிக்கும் பள்ளி ஒன்றில் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர், ஆசிரியர்கள் வழக்கமாகக் குறை சொல்லும் வகையினர் அல்லர். நன்றாகப் படிப்பார்கள், அடக்கமாக இருப்பார்கள், கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வார்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டும்போது அவர்களில் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. காரணம் கண்டுபிடிக்க முடியாத வயிற்றுவலி வருகிறது. நெருங்கிய தோழியரிடமிருந்தும் ஒதுங்கிவிடுகிறார்கள். என் எதிரே உட்கார்ந்து, "எனக்கு ஒன்றும் இல்லை மிஸ்" என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் புன்னகையைத் தாண்டிச் செல்ல என் கேள்விகளால் முடிவதில்லை.

ஆலோசனை அறைக்கு ஒரு மணல் தட்டும் ஓர் அலமாரி நிறையப் பொம்மைகளும் வாங்கித்தர நிர்வாகம் முன்வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இந்த இழை. இது சிகிச்சைதானா, அல்லது நல்ல பெயர் சூட்டப்பட்ட விளையாட்டா? பெண் பிள்ளைகளின் மன வளர்ச்சிக்கென்று இதில் தனியாகச் சொல்ல ஏதேனும் உண்டா? முறையான பயிற்சி பெறாத என்னைப் போன்ற ஒருவர் இதை எந்த எல்லை வரை பயன்படுத்தலாம்?

மணற்கரை

வணக்கம் வேனில். நான் இந்த முறையில் பயிற்சி பெற்றுப் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் உளவியல் சிகிச்சையாளர். முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்று இதைச் சுற்றியுள்ள குழப்பங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

லண்டனில் 1928-ல் குழந்தைகளுக்கான உளநல மையம் ஒன்றைத் தொடங்கிய மார்கரெட் லோவன்ஃபெல்ட் அடிப்படையில் ஒரு குழந்தை மருத்துவர். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் மகன்களோடு தரையில் சின்னப் பொம்மைகளைப் பரப்பி விளையாடியதைப் பற்றி 1911-ல் எழுதியிருந்தார். அது லோவன்ஃபெல்டின் நினைவில் தங்கியிருந்தது. அவர் தம் மையத்தில் பொம்மைகளையும் மணல் நிரப்பிய துத்தநாகத் தட்டையும் வைத்தார். பொம்மைகளை எடுத்து மணலில் அடுக்கும்படி அவர் யாருக்கும் கற்றுத்தரவில்லை. பிள்ளைகள் தாமாகவே அப்படிச் செய்யத் தொடங்கினார்கள். தாங்கள் உருவாக்கியதை 'உலகம்' என்று அழைத்ததும் அவர்களே. ஒரு சிகிச்சை முறையின் மையமான செயலை நோயாளிகளான குழந்தைகளே கண்டுபிடித்தது உளவியல் வரலாற்றில் அரிதான சங்கதி.

சூரிச்சில் 1954-ல் லோவன்ஃபெல்டின் உரையைக் கேட்ட டோரா கால்ஃப், உளவியல் அறிஞர் கார்ல் யுங்கின் ஊக்கத்தோடு 1956-ல் லண்டன் சென்று அவரிடம் பயின்றார். பின்னர் சுவிட்சர்லாந்து திரும்பி, யுங்கின் உளவியலையும் கீழை நாட்டுத் தியான மரபுகளில் தமக்கிருந்த ஈடுபாட்டையும் இணைத்து இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தை உருவாக்கினார். சுதந்திரமும் பாதுகாப்பும் ஒருங்கே அமைந்த ஒரு வெளியைச் சிகிச்சையாளர் அமைத்துக் கொடுத்தால், மனம் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் வேலையைத் தொடங்கிவிடும் என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை. ஜப்பானுக்கு இதை 1965-ல் எடுத்துச் சென்றவர் ஹயாவோ கவாய். இந்தச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 1985-ல் அமைந்தது.

தட்டு ஏறத்தாழ 72 செ.மீ. நீளமும் 57 செ.மீ. அகலமும் 7 செ.மீ. ஆழமும் கொண்டது. தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் முழுவதையும் காணத்தக்க அளவு அது. உட்புறம் நீல வண்ணம் பூசப்பட்டிருக்கும். மணலை விலக்கினால் ஆறோ குளமோ கடலோ வந்துவிடும், சுவர்ப்புறம் வானமாகும். வழக்கமாக இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்றில் உலர்ந்த மணல், மற்றொன்றில் தண்ணீர் ஊற்றிப் பிசையத்தக்க ஈர மணல். அலமாரியில் மனிதர்கள், விலங்குகள், மரங்கள், வீடுகள், வண்டிகள், பாலங்கள், வேலிகள், தெய்வ உருவங்கள், அரக்கர்கள், எலும்புக்கூடுகள், கூழாங்கற்கள், சிப்பிகள் எல்லாம் கலந்திருக்க வேண்டும். இனிமையானவற்றை மட்டும் வாங்கிவைக்கும் அலமாரி, பிள்ளையிடம் 'இனிமையானதை மட்டும் காட்டு' என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

அமர்வில் பிள்ளை விரும்பியதைச் செய்வாள், அல்லது எதுவும் செய்யாமல் மணலை அளைந்துகொண்டு மட்டும் இருப்பாள். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனிப்பேன், குறிப்பெடுப்பேன். அவள் ஏதேனும் சொன்னால் கேட்டுக்கொள்வேன். இது என்ன, அது யார் என்று துருவுவதில்லை; என் விளக்கத்தையும் சொல்வதில்லை. அவள் அறையைவிட்டுப் போன பிறகு படம் எடுத்துவிட்டு நானே கலைப்பேன். தான் கட்டிய உலகத்தைத் தன் கையாலேயே அழிக்கும்படி ஆகக்கூடாது என்பதற்காகவே, அமர்வு முடிந்ததும் அவளை ஒழுங்குபடுத்தச் சொல்வதில்லை. சிகிச்சை முழுவதும் நிறைவடைந்து, உரிய காலம் கடந்த பிறகுதான், வேண்டுமானால் இருவரும் சேர்ந்து படங்களை வரிசையாகப் பார்ப்போம்.

பெண் பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு நிதானமாக வருகிறேன். அதற்கு முன் வேறு நண்பர்கள் சொல்வதையும் கேட்போம்.

உரைகல்

இழையின் உற்சாகத்துக்கு நடுவே ஒரு தடை எழுப்புவதற்கு மன்னிக்கவும். நான் ஆய்வு முறையியல் கற்பிப்பவன். இந்தச் சிகிச்சை பற்றிய சான்றுகளைத் தொகுத்து 2022-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. 8 நாடுகளைச் சேர்ந்த 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றில் பெரிய அளவு முன்னேற்றம் தெரிந்தது. விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

அந்த ஆய்வுகளில் பல மிகச் சிறியவை. ஒப்பிடப்பட்ட மறு குழுவுக்குப் பெரும்பாலும் வேறு சிகிச்சை எதுவும் தரப்படவில்லை. காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். எனவே முன்னேற்றம் மணலால் வந்ததா, வாரந்தோறும் ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு அருகில் இருந்ததால் வந்ததா என்பதை அவற்றைக்கொண்டு பிரித்தறிய முடியாது. பதின்பருவத்தினரின் மனச்சோர்வுக்கு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சைக்கும், உறவுகளை மையப்படுத்திய உளச்சிகிச்சைக்கும் இதைவிட உறுதியான சான்று உண்டு. பேரதிர்ச்சிக்கு ஆளான பிள்ளைகளுக்கென்றே வகுக்கப்பட்ட அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையும் உண்டு. அப்படியிருக்க, ஒரு பள்ளி தன் பணத்தை மணலில் ஏன் கொட்ட வேண்டும்?

கோட்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். கால்ஃப், யுங்கின் மாணவரான உளவியலாளர் எரிக் நாய்மனிடமிருந்து மூன்று வளர்ச்சிப் படிகளை எடுத்துக்கொண்டார்: தாவர-விலங்குப் படி, போராட்டப் படி, சமூகத்தோடு இணங்கும் படி. மணலில் முதலில் காடும் விலங்குகளும், பிறகு போர்க்களமும், அதன்பின் ஊரும் மக்களும் தோன்றும் என்பது எதிர்பார்ப்பு. தாயைவிட்டுப் பிரிந்து, அரக்கனைக் கொன்று, ஊருக்குத் திரும்பும் வீரனின் கதையாகத்தான் எனக்கு இது படுகிறது. ஒரு பையனின் சாகசத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு பெண் பிள்ளையின் வளர்ச்சியை எப்படி அளப்பது?

மணற்கரை

சான்றுகளின் குறைகள் பற்றி உரைகல் அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. மணலா, அருகிலிருக்கும் மனிதரா என்ற கேள்விக்கு மட்டும் என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். இந்த முறையில் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்தால் மிஞ்சுவது கடற்கரை விளையாட்டுத்தான். பிள்ளையின் அருகே ஒரு பெரியவர் எதையும் கேட்காமல், எதையும் திருத்தாமல், எதையும் பாராட்டாமல் முழுக் கவனத்தோடு இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. மணல் அந்தக் காரணத்தைத் தருகிறது. வெறும் அறையில் அப்படி ஒருவர் பேசாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் மிரண்டுவிடுவாள்.

பெண் பிள்ளைகள் பற்றிய என் கருத்தும் இங்குதான் தொடங்குகிறது. பூப்புப் பருவத்துக்கு முன் மனச்சோர்வின் வீதத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதின்பருவத்தின் நடுப்பகுதியில் பெண்களிடம் அது ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. ஹார்மோன்கள், உடல்தோற்றம் பற்றிய கவலை, துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு என்று காரணங்கள் பல. நம் பேச்சோடு தொடர்புடைய காரணம் ஒன்றும் உண்டு. தோழியர் இருவர் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அலசுவது பற்றி அமாண்டா ரோஸ் 2002 முதல் ஆய்வுகள் வெளியிட்டார். அப்படிப் பேசுவது நட்பை நெருக்கமாக்குகிறது. அதே சமயம் பெண் பிள்ளைகளிடம் மனச்சோர்வையும் பதற்றத்தையும் கூட்டுகிறது. ஆண் பிள்ளைகளிடம் நட்பு நெருங்கியதே தவிர அந்தப் பாதிப்பு தென்படவில்லை. மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே ஓயாமல் பேசியும் நினைத்தும் சலித்துப்போன ஒரு பிள்ளையை அழைத்து, நாமும் அதையே பேசச் சொல்வது எவ்வளவு தூரம் உதவும் என்பது யோசிக்க வேண்டியது. மணலில் கை வைக்கும்போது அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தச் சுழலிலிருந்து சற்று நேரம் வெளியே வருகிறாள். அதே வேளையில் அந்தப் பிரச்சினையைவிட்டு ஓடிவிடவும் இல்லை.

மற்றொன்று, பெரியவர்களின் முகத்தைப் படிக்கும் பழக்கம். வேனில் சொன்ன 'ஒன்றும் இல்லை மிஸ்' பிள்ளைகள் அதில் தேர்ந்தவர்கள். எந்தப் பதிலைச் சொன்னால் எதிரே இருப்பவர் நிம்மதி அடைவார் என்று அவர்களுக்குத் தெரியும். பதினோரு, பன்னிரண்டு வயதில் பெண் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததையே 'தெரியாது' என்று சொல்லத் தொடங்குவதை உளவியலாளர் கேரல் கில்லிகன் கவனித்து எழுதினார். உறவைக் காப்பாற்றத் தன் குரலை விட்டுக்கொடுப்பது என்று அதை அவர் புரிந்துகொண்டார். எல்லாப் பண்பாட்டுக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடையாளம் தெரியாதபடி பலரின் அனுபவத்தை ஒன்றாக்கிச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி. முதல் சில அமர்வுகளில் மணலைக் கையால் தொடவே மாட்டாள். விரல் நுனியால் பொம்மையைப் பிடித்து மேலே வைப்பாள். வீடுகள் ஒரு வரிசை, மரங்கள் ஒரு வரிசை, சுற்றிலும் இடைவெளியில்லாத வேலி. மனிதர் யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் வைத்த பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஒரு தடவை "ஆகா, அழகாக இருக்கிறதே" என்று சொல்லியிருந்தால் போதும். சிகிச்சை முடியும்வரை எனக்காக அழகான தோட்டங்களைக் கட்டிக்கொண்டே இருந்திருப்பாள். பாராட்டு என்பது மிக மென்மையான கட்டளை. சில வாரங்களில் என் முகத்தைப் பார்ப்பது குறைந்தது. ஒருநாள் வேலியின் ஒரு துண்டைப் பிடுங்கிவிட்டு, வெளியே ஒரு முதலையை வைத்தாள். அடுத்த வாரம் ஈர மணல் தட்டுக்குப் போய், இரண்டு முழங்கைகளும் சேறாகும்வரை பிசைந்தாள். அதன்பின் முதலை உள்ளே வந்தது, வீடுகள் கவிழ்ந்தன, ஒரு பெரிய சண்டை நடந்தது. இறுதியில் அதே முதலை குளத்தில் கிடக்க, கரையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். முதலை யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. அது என் குறிப்பேட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

நாய்மனின் படிகள் பற்றிய விமர்சனத்தை ஏற்கிறேன். அவற்றைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டு 'இன்னும் இவள் இரண்டாம் படிதான்' என்று மதிப்பெண் போடும் சிகிச்சையாளர்கள் உண்டு; அது வீண் வேலை. போராட்டப் படியை மட்டும் நான் கைவிட மாட்டேன். ஏனென்றால் கோபப்படும் பையனைப் பார்த்து, 'பையன் என்றால் அப்படித்தான்' என்று உலகம் சொல்லிவிடுகிறது. பெண் பிள்ளையின் கோபத்துக்குப் போக இடம் இல்லை. அது வயிற்றுவலியாகவோ, தன்மீதே வெறுப்பாகவோ திரும்புகிறது. மணலில் அவள் நடத்தும் போரைக் கண்டு பதறாத ஒரு பெரியவர் அருகில் இருப்பதே அவளுக்குப் புதிய அனுபவமாக இருக்கலாம்.

ஓர் அம்மா

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்குப் பதின்மூன்று வயது. சில மாதங்களாக இந்தச் சிகிச்சைக்குப் போய்வருகிறாள். உள்ளே என்ன செய்தாள் என்று கேட்டால் சிகிச்சையாளர் புன்னகைக்கிறார். படத்தையும் காட்ட மறுக்கிறார். பணம் கட்டுவது நான், கூட்டிக்கொண்டு போய் வெளியே காத்திருப்பது நான், என் பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியக்கூடாதவளும் நானா? போதாததற்கு, முன்பெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் இப்போது எதிர்த்துப் பேசுகிறாள். உறவினர் வீட்டுக்குக் கிளம்பச் சொன்னால் "நான் வரவில்லை" என்கிறாள். இதற்காகவா அனுப்பினேன் என்று தோன்றுகிறது. வயிற்றுவலி நின்றுவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மணற்கரை

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. உங்கள் மகளின் சிகிச்சையாளர் சார்பில் நான் பேச முடியாது; பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். படத்தை உங்களிடம் காட்டினால், நீங்கள் எவ்வளவு அன்பாகப் பார்த்தாலும், அடுத்த வாரம் அவள் கட்டப்போவது உங்கள் கண்ணுக்காகக் கட்டும் உலகமாகிவிடும். உங்களைப் பற்றி அவள் மோசமாக ஏதோ காட்டுகிறாள் என்று இதற்குப் பொருள் இல்லை. மணலில் வரும் சூனியக்காரி அம்மா என்று எந்த அகராதியிலும் எழுதியிருக்கவில்லை.

அதேசமயம் உங்களுக்கு எதுவுமே சொல்லாமல் விடுவது சரியல்ல. பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாளா, சிகிச்சையின் போக்கு எப்படி இருக்கிறது, வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன என்பதைப் பற்றிக் குறிப்பிட்ட இடைவெளியில் தனியாகச் சந்தித்துப் பேசும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. எதையெல்லாம் பெற்றோரிடம் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும்.

எதிர்த்துப் பேசுவது பற்றி: சொல்லத் தெரியாத மறுப்பை உடல் சொல்லிக்கொண்டிருந்தது என்றும், இப்போது வாய் சொல்லக் கற்றுக்கொண்டது என்றும் வைத்துப் பாருங்கள். வயிற்றுவலி நின்றதும் 'வரவில்லை' என்ற சொல் வந்ததும் ஒரே காலத்தில் நடந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் வசதியாக இருந்த ஒரு பிள்ளை சற்று வசதிக்குறைவாக மாறுவதை முன்னேற்றமாகப் பார்ப்பது எளிதல்ல என்பதை அறிவேன்.

ஓர் அம்மா

தனியாகச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். நான் இதுவரை கேட்கவில்லை என்பதுதான் உண்மை போலும்.

நடுவழி

வேனிலின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் பள்ளி ஒன்றில் குழுவாக இதை நடத்திய அனுபவம் உள்ளவள், ஆகையால் எழுதுகிறேன்.

முழுமையான மணல் விளையாட்டுச் சிகிச்சையாளர் ஆக வேண்டுமானால் அடிப்படை உளச்சிகிச்சைப் பயிற்சிக்கு மேல், தாமே ஒரு சிகிச்சையாளரிடம் மணலில் நீண்ட காலம் பணியாற்றியிருக்க வேண்டும். குறியீடுகளைக் கற்க வேண்டும். மேற்பார்வையில் பிள்ளைகளோடு பணிபுரிந்து, ஒரு சிகிச்சையின் முழுப் போக்கையும் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து 'சிகிச்சை' என்ற சொல்லைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

அதற்காகப் பள்ளியில் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆகிவிடாது. இத்தாலியில் பணிபுரியும் யுங்கிய உளப்பகுப்பாய்வாளர் ஏவா பாத்திஸ் ஸோயா, சிகிச்சையாளர்கள் போதிய அளவில் இல்லாத சூழல்களுக்காக ஒரு குழுவடிவத்தை வகுத்தார். தென்னாப்பிரிக்கா, சீனா, கொலம்பியா போன்ற நாடுகளில் அது நடந்திருக்கிறது. ஒரே அறையில் பல பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித் தட்டு. ஒவ்வொரு தட்டின் அருகிலும் பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வலர். அவர் பேசுவதில்லை, உதவுவதில்லை, அந்த ஒரு பிள்ளையை மட்டும் கவனித்துக் குறிப்பெழுதுகிறார். அமர்வு முடிந்ததும் அனுபவம் வாய்ந்த சிகிச்சையாளரோடு எல்லாத் தன்னார்வலர்களும் கூடிப் பேசுகிறார்கள். கொரியப் பள்ளிகளிலும் குழு முறையில் மணல் விளையாட்டு நடத்தி ஆய்வுகள் செய்திருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் நான் கண்ட ஒன்று: பேசாமல் இருப்பதுதான் தன்னார்வலர்களுக்குப் பெரும்பாடு. பிள்ளை ஒரு பாலத்தை நிறுத்த முயல்கிறாள், அது சரிந்துகொண்டே இருக்கிறது. பெரியவரின் கை தானாகவே நீள்கிறது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதற்கே நாங்கள் பல வாரப் பயிற்சி கொடுத்தோம். பாலம் சரிவதைச் சகித்துக்கொள்ள முடியாதவர், பிள்ளையின் அழுகையையும் சகித்துக்கொள்ள மாட்டார்.

உடல்நலம் பற்றியும் ஒரு குறிப்பு. தூசி பறக்காத, கழுவிய மணலாக வாங்குங்கள்; அவ்வப்போது சலித்து மாற்றுங்கள். கையில் புண் உள்ளவர்களுக்கும் மணலை வாயில் போடும் பழக்கமுள்ள சிறு பிள்ளைகளுக்கும் வேறு வழி பாருங்கள். நடப்புக்கும் கற்பனைக்கும் இடையிலான கோடு கலங்கிய நிலையில் உள்ள பிள்ளைக்கு இதைப் பள்ளியில் செய்யவே வேண்டாம். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உரைகல்

நடுவழி சொன்ன எச்சரிக்கைகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்த இழையிலேயே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அதுதான். மணலில் ஒரு பெண் பிள்ளை பொம்மையைப் புதைத்தாள், பாம்பை வீட்டுக்குள் விட்டாள் என்பதைக்கொண்டு, அவள் பாலியல் கொடுமைக்கு ஆளானாள் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. பாதிக்கப்படாத பிள்ளைகளும் புதைப்பார்கள்; பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அழகிய தோட்டமும் கட்டுவார்கள். மணல் தட்டு கண்டறியும் கருவியாக நிறுவப்படவில்லை. பொம்மைகளைக் காட்டிக் குழந்தைகளை விசாரித்து, அவர்கள் வாயில் சொற்களைத் திணித்து, வழக்குகளே குலைந்துபோன வரலாறு உளவியலுக்கு உண்டு. மறுபக்கம், பிள்ளை மணலின் முன் தனக்கு நடந்ததை வாய்திறந்து சொல்லிவிட்டால், இது குறியீடாக இருக்கலாமே என்று தயங்கிக்கொண்டும் இருக்கக்கூடாது. அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொண்டு, சட்டம் சொல்லும் வழியில் உடனே தெரிவித்தாக வேண்டும்.

மணற்கரை

ஒரு சொல்கூட மாற்றாமல் இதை வழிமொழிகிறேன்.

செம்பருத்தி

பொம்மை அலமாரி பற்றி மட்டும் ஒரு கருத்து. நான் சென்று பார்த்த அறைகளில் ஆண் உருவங்களாக வீரன், மருத்துவர், உழவர், திருடன், அரசன், துறவி என்று வரிசையாக இருக்கின்றன. பெண் உருவங்களோ இளவரசி, மணப்பெண், குழந்தையை ஏந்திய தாய், சூனியக்காரக் கிழவி. பிள்ளைக்கு உள்ளே ஓர் உலகம் இருந்தாலும், அதை எடுத்துவைக்க உருவம் வேண்டுமே! ஏணியில் ஏறும் பெண், படகு ஓட்டும் பெண், தனியாக நடந்துபோகும் பெண், கோபமாக நிற்கும் பெண், முதுமையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் பெண் எல்லாம் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் களிமண்ணும் கம்பியும் துணித்துண்டுகளும் வையுங்கள், பிள்ளைகளே செய்துகொள்வார்கள். தோல் நிறமும் ஒரே மாதிரி வெளிறியதாக இருக்கக்கூடாது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் கண்ணாடி அணிந்தவரும் பருமனானவரும் இருக்கட்டும்.

'பெண்மைக்கே உரிய வளர்ச்சி' என்று பேசும் நூல்களைச் சற்று விலகி நின்றே படிக்கிறேன். பாதாளத்துக்குக் கடத்தப்பட்டு, ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் தாயிடம் திரும்பும் பெர்சிஃபோனியின் கிரேக்கக் கதையைக் காட்டி, பெண் பிள்ளையின் உளவளர்ச்சி இப்படித்தான் என்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தக் கதை அப்படியே பொருந்தலாம். எந்தக் கதை பொருந்தும் என்பதை அந்தப் பிள்ளையின் மணல் சொல்லட்டும். நாம் கையில் கதையோடு காத்திருக்க வேண்டியதில்லை.

வேனில்

அனைவருக்கும் மிக்க நன்றி. நான் எடுத்திருக்கும் முடிவைச் சொல்கிறேன். நிர்வாகம் தரும் தொகையில் தட்டும் பொம்மைகளும் வாங்குவதோடு, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரின் மேற்பார்வைக்கும் ஒரு பகுதியை ஒதுக்கும்படி கேட்டிருக்கிறேன்; அது கிடைக்கவில்லை என்றால் அலமாரியை இந்த ஆண்டு வாங்கப்போவதில்லை. மனச்சோர்வின் அறிகுறிகள் தெளிவாகத் தெரியும் பிள்ளைகளை, உரைகல் அவர்கள் சுட்டிக்காட்டிய சான்றுள்ள சிகிச்சைகளுக்கு அனுப்புவேன்; மணல் அதற்கு மாற்றாக இருக்காது. அறிவிப்புப் பலகையில் 'சிகிச்சை' என்ற சொல்லும் இருக்காது. ஆசிரியர்கள் எட்டிப் பார்க்காதபடி அறைக் கதவின் கண்ணாடிக்குத் திரை போடச் சொல்லியிருக்கிறேன். எதிர்பாராத விதமாக, நிர்வாகத்தில் அதிகம் விவாதிக்கப்பட்டது இந்தத் திரைதான். கதவைப் பூட்டுவதில்லை என்றும், எந்த நேரத்தில் எந்தப் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும் என்றும் முடிவான பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த பொம்மையை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டால் என்ன செய்வது? கேட்காமலேயே எடுத்துப்போய்விட்டால்?

மணற்கரை

கேட்டால் கொடுப்பதில்லை. "இது உனக்கு மிகவும் வேண்டியதாகிவிட்டது, இல்லையா? அடுத்த வாரம் நீ வரும்போது இங்கேயே இருக்கும்" என்று சொல்லி, சொன்னபடியே அதை அதே இடத்தில் வைத்திருப்பேன். சொன்ன சொல் காப்பாற்றப்படுகிறது என்பதைப் பிள்ளை வாரந்தோறும் சரிபார்ப்பாள். நேராக அலமாரியில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பதை நீங்களே காண்பீர்கள்.

கேட்காமல் எடுத்துப்போனால் விசாரணை வேண்டாம். எல்லார் முன்னிலையிலும் பையைத் திறந்து பார்ப்பது அறவே கூடாது. அடுத்த அமர்வில் அவளிடம் மட்டும், குற்றம் சாட்டாத குரலில், "அந்தக் குதிரையைக் காணவில்லை, அது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டியது, கிடைத்தால் திரும்ப வந்து சேரட்டும்" என்று சொல்லலாம். பெரும்பாலும் சில வாரங்களில் அலமாரியின் வேறொரு மூலையில் அது தட்டுப்படும். வராவிட்டாலும் சிகிச்சை நின்றுவிடாது, அடுத்தவளுக்கு ஒரு குதிரை குறையும் அவ்வளவுதான். ஆகவே வாங்கும்போதே, பிள்ளைகள் அதிகம் தேடும் குதிரை, பாலம், சிறுமி, விளக்கு போன்றவற்றில் ஒரே மாதிரி இரண்டு மூன்று வாங்கிவிடுங்கள்.